கறந்த சூடு

“உங்கட மாடுகள் இருமுதோ, டொக்டர்?”

கேட்டவர் சிவராசா, வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியர். கேட்கப்பட்டவள் கமலாசனி, அந்தப் பகுதி முழுவதற்கும் இருந்த ஒரே மிருக வைத்தியர். அவளுடைய அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. விசர்நாய்த் தடுப்பூசி மருந்தை வைத்தியசாலையில் மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு புறப்படுகிற நேரத்தில் இப்படியொரு கேள்வி வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சில மாடு இருமும்தான். ஏன், மாடுகளுக்கும் ஒரு வாட் திறக்கப் போறியளோ?”

சிவராசா சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார். கொஞ்சக் காலமாகக் கழுத்தில் கட்டியோடு வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஊரில் அதைக் கண்டமாலை என்பார்கள். கழுத்துக் கட்டிகளைப் பிடிக்கிற காசநோய் அது. வீட்டில் இருமுகிற நோயாளி ஒருவர் இருந்தால் பிள்ளைக்குத் தொற்றும், அது வழமை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இருமுகிறவர் எவருமே இல்லை. பெரியவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சளி எடுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

“காத்தால வரேல்லையெண்டால் வாயால வந்திருக்க வேணும். அந்த வீடுகளில மாடு நிக்குது, இல்லாட்டிப் பக்கத்து வளவில நிக்குது. பிள்ளையள் பச்சைப்பால் குடிக்குதுகள். நான் மனிச டொக்டர். இதுக்கு மேல நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்.”

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இதைப் பற்றி ஒரு முழுநாள் விரிவுரை கேட்டது கமலாசனிக்கு ஞாபகம் வந்தது. மாட்டுக்கு வருகிற காசநோய் காய்ச்சாத பாலோடு மனிதருக்குள் போகும். வெளிநாடுகளில் ஒரு காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் அதனால் செத்திருக்கிறார்கள். பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தாள். வன்னியில் அதை எவரும் தேடிப் பார்த்ததாக அவள் அறியவில்லை. சைக்கிளை மிதித்து உடையார்கட்டுக்குத் திரும்புகிற வழி முழுக்க அவளுக்கு உடம்பில் ஒரு துடிப்பு இருந்தது. தேடினால் கிடைக்கும் என்று ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது.

சிவராசா சொன்ன பிள்ளைகளில் ஒருத்தியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பெயர் கம்சா. கமலாசனியின் தகப்பன் ஐயாத்துரையின் வளவிலேயே குடியிருந்த பிள்ளை.

ஐயாத்துரை இளந்தாரியாக இருந்தபோது வடமராட்சியிலிருந்து வந்து, குளத்தின் கீழ் கிடைத்த காணியில் காடு வெட்டி வயலாக்கினவர். வயலோடு மாடும் பெருகியது. இராணுவம் விரட்ட, கொக்கிளாய்க் கரையோரச் சனம் ஊரைவிட்டு எழும்பி வந்த வருடம், ஒரு படகுப் பாயையும் ஒரு சட்டி பானையையும் கொண்டு வீதியோரம் நின்ற ஸ்ரனிஸ்லசையும் அவருடைய மனைவி புனிதத்தையும் கூட்டிவந்து, வளவின் கிழக்கு மூலையில் கொட்டில் போட வைத்தவரும் அவர்தான். கம்சா அந்தக் கொட்டிலில் பிறந்தவள். ஸ்ரனிஸ்லஸ் நந்திக்கடலுக்குத் தொழிலுக்குப் போவார். இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த வேலியின் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன இடைவெளியால், மீனும் இறாலும் இந்தப் பக்கம் வரும். பாலும் நெல்லும் அந்தப் பக்கம் போகும். சேர்ச்சும் கோயிலும் வேறுவேறு என்பதைத் தவிர, மற்றெல்லாம் ஒரு வீடு மாதிரித்தான்.

கம்சா சிறுவயதில் மலேரியா பிடித்து எலும்பும் தோலுமாகிப் போனாள். அப்போது ஐயாத்துரை ஒரு வைத்தியம் சொன்னார். பட்டியிலேயே நல்ல மாடு சுட்டி. செந்நிறம், நெற்றியில் வெள்ளை. அந்தச் சுட்டியின் பாலைக் கறந்த சூட்டோடு குடிக்க வேண்டும். காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் சத்து ஆவியாய்ப் போய்விடும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். தானும் அப்படித்தான் குடித்தார். விடியற்காலையில் கம்சா கண்ணைக் கசக்கிக்கொண்டு பட்டிக்கு வருவாள். அவர் நேரே அவளுடைய கோப்பைக்குள் கறந்துவிடுவார். நுரை மீசையோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்து இரண்டு வீட்டாரும் சிரிப்பார்கள். பிள்ளையும் தேறிக் கன்னம் வைத்தது.

அதற்குப் பிறகுதான் கழுத்தில் கட்டி வந்தது. சிவராசா ஆறு மாதம் குளிசை கொடுத்தார். கட்டி வற்றியது. குளிசை முடிந்து கொஞ்சக் காலத்தில் திரும்ப வந்து, உடைந்து, சீழ் வடிந்தது. பள்ளிக்கூடத்து வாங்கில் மற்றப் பிள்ளைகள் தள்ளி இருந்தார்கள். “மருந்து தோத்துப் போச்சு” என்று புனிதம் அழுதா.

அது தொண்ணூற்று நான்காம் ஆண்டின் பின்பகுதி. கொழும்பில் ஆட்சி மாறி, சமாதானக் கதை அடிபட்டு, வன்னிக்கு வருகிற சாமான்களுக்கு இருந்த போர்க்காலத் தடைகள் மெல்லத் தளர்ந்திருந்தன. பேராதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்த பத்மலோஜினி கமலாசனியோடு ஒன்றாகப் படித்தவள். அவள் எப்படியோ மாட்டுக்குப் போடுகிற ரியூபக்கியூலின் மருந்தை ஐஸ் போத்தலில் வைத்து அனுப்பிவிட்டாள். மாட்டின் கழுத்துத் தோலுக்குள் ஒரு துளி ஏற்ற வேண்டும். மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும். நோய் உள்ளே இருந்தால் அந்த இடம் தடித்து வீங்கும். தடிப்பை அளக்க ஒரு கருவி வேண்டும், அது கிடைக்கவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர் தன்னுடைய வேணியர் இடுக்கிமானியைத் தந்தார், சாணி மணக்காமல் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

“இதென்ன பிள்ளை, தடுப்பூசியோ?” என்று போகிற வீடெல்லாம் கேட்டார்கள்.

“இல்லை, இது மாட்டிட்டைக் கேள்வி கேக்கிற ஊசி,” என்றாள் கமலாசனி. “மூண்டு நாளில மாடு பதில் சொல்லும்.”

அந்தப் பேச்சு ஊருக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் அவள் இடுக்கிமானியோடு போகும்போது, “வாங்கோ டொக்டர், எங்கட மாடு வாயே திறக்கேல்லை!” என்று வாசலில் நின்று கத்தினார்கள். பெரும்பாலான மாடுகள் வாய் திறக்கவில்லைதான். திறந்தவை ஒன்றிரண்டு. அந்த வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டு, பாலைக் கொதிக்கக் காய்ச்சிக் குடிக்கவும், அந்த மாட்டை மற்ற மாடுகளோடு விடாமல் பிரித்துக் கட்டவும் சொன்னாள்.

தன் வீட்டுப் பட்டியைக் கடைசியாக வைத்திருந்தாள். ஊசி போட்ட மூன்றாம் நாள் ஐயாத்துரை மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டும் வைத்து, சோதனைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கட்டியிருந்தார். ஒன்றாய், இரண்டாய், தோல் சுத்தமாக இருந்தது. சுட்டியின் கழுத்தில் கை வைத்ததும் கமலாசனிக்கு விரல் நின்றுவிட்டது. ஊசி போட்ட இடம் பாதி முட்டையளவுக்குப் புடைத்து, தொட்டால் சுட்டது.

“குளவி குத்தியிருக்கும்,” என்றார் ஐயாத்துரை.

“ஊசி போட்ட இடமாப் பாத்தோ ஐயா குளவி குத்தினது?”

“ஏன், குளவிக்குக் கண் தெரியாதோ?”

ஐயாத்துரை அத்தோடு விடவில்லை. அடுத்தநாள் பால் கொடுக்கிற இடத்தில் பத்துப் பேர் பார்த்திருக்க, சுட்டியின் பாலை ஒரு செம்பு நிறையப் பச்சையாகக் குடித்து, மீசையைத் துடைத்துக் காட்டினார். “காய்ச்சினால் அது பாலில்லை, வெள்ளைத் தண்ணி. என்ர மோளுக்குப் படிப்புக் கூடிப்போச்சு,” என்றார். கமலாசனி அவரோடு மல்லுக்கு நிற்காமல் நேரே புனிதத்திடம் போனாள்.

“மாமி, இண்டையிலயிருந்து கம்சாவுக்குக் காய்ச்சாத பால் ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது. பட்டிக்கும் விடாதேங்கோ.”

புனிதம் வேலிப்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினா. “அண்ணை மனவருத்தப்படுவாரே, பிள்ளை. நான் பாலை வாங்கி வந்து, அவர் வயலுக்குப் போன பிறகு அடுப்பில வைக்கிறன்.”

அப்படித்தான் கொஞ்ச நாள் நடந்தது. ஐயாத்துரை வயலுக்குப் போனதும் கிழக்கு மூலையில் புகை எழும்பும். அவருக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் பேசாமல் இருந்தாரா என்பதைக் கமலாசனியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஊசி சொல்வது மட்டும் போதாது. மாட்டில் இருக்கிற கிருமியும் பிள்ளையில் இருக்கிற கிருமியும் ஒன்றுதான் என்று ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. சிவராசா கம்சாவின் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் சீழ் எடுத்தார். கமலாசனி சுட்டியின் பாலைச் சுத்தமான போத்தலில் எடுத்தாள். இரண்டையும் நன்றாக மூடிச் சுற்றி ஐஸ் போட்ட சூட்டுப் போத்தல் என்கிற தெர்மொஸ் குடுவைக்குள் வைத்து, அதை மடியில் வைத்தபடி பேராதனைக்குப் புறப்பட்டாள்.

வவுனியாவுக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் மூடியைத் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“பாலா?”

“பால்தான்,” என்றாள் அவள் சிங்களத்தில். பேராதனையில் படித்தபோது பிடித்த சிங்களம் அது.

“பாலுக்கு எதற்கு இத்தனை சுற்றுக் கட்டு? கொஞ்சம் குடித்துக் காட்டு.”

கமலாசனிக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் எத்தனை வீட்டில் காய்ச்சாமல் குடிக்காதே என்று தொண்டை வற்றக் கத்திவிட்டு, இங்கே துவக்கு முனையில் அதையே குடிக்கச் சொல்கிறார்களே என்று நினைத்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிப்பாயின் முகம் கடுத்தது. அவள் அவசரமாகத் தன் அடையாள அட்டையை நீட்டி, தான் மிருக வைத்தியர் என்றும், அது காசநோய் பிடித்த மாட்டின் பால் என்றும், மற்றப் போத்தலில் இருப்பது ஒரு பிள்ளையின் கழுத்துச் சீழ் என்றும் சொன்னாள். சிப்பாய் சூட்டுப் போத்தலைச் சட்டென்று நிலத்தில் வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான்.

பின்னால் நின்ற வயதான இன்னொருவர் கிட்ட வந்தார். “பாலால் காசம் வருமா?”

“மாட்டுக்கு இருந்தால் வரும். காய்ச்சினால் வராது.”

“எங்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது. பொலன்னறுவைப் பக்கம். என் சின்ன மகன் பச்சையாகத்தான் குடிப்பான்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?”

“பொங்கி வருமட்டும். அவ்வளவுதான்.”

அவர் இளையவனைப் பார்த்துத் தலையசைத்தார். இளையவன் போத்தலைக் கையால் தொடாமல் கால் நுனியால் அவள் பக்கம் தள்ளிவிட்டான். பஸ்ஸில் ஏறின பிறகும் கமலாசனிக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

அந்தக் கிருமி மகா சோம்பேறி. வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்காகும். மாதிரிகளைப் பத்மலோஜினியிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவள், மாரி மழை பிடித்த பிறகு திரும்பப் போனாள்.

பத்மலோஜினி வாசலிலேயே காத்திருந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். முட்டை கலந்து செய்த பச்சை நிற ஊடகத்தோடு சாய்ந்து நின்றன குழாய்கள். மனிதருக்குள் வழமையாக இருக்கிற காசக்கிருமிக்குக் கிளிசரின் என்றால் விருப்பம். கிளிசரின் போட்ட குழாயில் கொத்துக் கொத்தாக வளரும். மாட்டுக் கிருமிக்கு அது பிடிக்காது. பிடிக்காத சாப்பாட்டைக் கண்ட பிள்ளை மாதிரி அதில் ஏனோதானோவென்று கிடந்து, கிளிசரின் இல்லாத மற்றக் குழாயில்தான் எழும்பி வரும். சுட்டியின் பாலிலிருந்து வந்தது அப்படியே செய்திருந்தது. கம்சாவின் கழுத்திலிருந்து வந்ததும் அச்சொட்டாக அதையே செய்திருந்தது. மற்றச் சோதனைகளும் அதையேதான் சொல்லின.

“ரெண்டும் ஒண்டடி! பிடிச்சிட்டாய், கமலா!”

இரண்டு பேரும் ஆளையாள் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். பக்கத்து அறைப் பேராசிரியர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். அவருக்கும் குழாய்களைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் கமலாசனியின் முகம் மாறியது.

“என்னடி?”

“அது எங்கட சுட்டியடி. ஐயா தன்ர கையால கறந்து குடுத்த பால்.”

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஐயாத்துரை மழைக்கு நடுவில் மாட்டுக்கொட்டிலின் கூரைக்கு ஓலை செருகிக்கொண்டிருந்தார். அவள் குடையைப் பிடித்தபடி கீழே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் ஓலையைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

“பிழையாய் இருக்க இடமில்லையோ?”

“இல்லை ஐயா.”

“மருந்து ஏன் தோத்தது?”

“தோக்கேல்லை. குடுத்த குளிசையில ஒண்டு மாட்டுக் கிருமிக்கு வேலை செய்யாது. அதோட, மருந்து ஒரு பக்கத்தால குடுக்க, நாங்கள் மற்றப் பக்கத்தால கிருமியும் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறம். இனி டொக்டர் வேற மாதிரி, கனநாளைக்குக் குடுப்பார். சுகம் வரும்.”

அவர் ஏணியால் இறங்கினார். ஓலையைச் சுவரில் சாத்தினார். பிறகு நனைந்தபடி வேலிப் பொட்டுக்குள்ளால் கிழக்கு மூலைக்கு நடந்தார். கமலாசனி பின்னால் ஓடினாள்.

ஸ்ரனிஸ்லஸ் கொட்டிலுக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். புனிதம் அடுப்படியில் இருந்தா. கம்சா தரையில் படுத்தபடி சேர்ச்சு மந்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ஐயாத்துரை வாசலில் நின்றார். கமலாசனிதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஸ்ரனிஸ்லஸ் வலையைக் கீழே வைத்தார்.

“அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. நனையிறியள்.”

“ஸ்ரனிஸ், நான் இந்தப் பிள்ளைக்கு…”

“நீங்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்தனியள் எண்டு எனக்குத் தெரியும். றோட்டில நிண்ட எங்களை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? இவள் பிறக்கேக்க ஆர் வண்டில் கட்டினது? மலேரியாவில கிடக்கேக்க அந்தப் பால் இல்லாட்டி இவள் இண்டைக்கு இல்லை. அதில கிருமி இருக்கெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. இப்ப தெரியும். அவ்வளவுதானே?”

புனிதம் ஒரு துவாயைக் கொண்டுவந்து அவருடைய தலையில் போட்டா. “துடையுங்கோ அண்ணை. இனி நான் ஒளிச்சுக் காய்ச்சத் தேவையில்லை.”

ஐயாத்துரை நிமிர்ந்து பார்த்தார். “ஒளிச்சோ? உங்கட புகையை நான் வயலில நிண்டு ஒவ்வொரு நாளும் பாக்கிறனான், தங்கச்சி.”

முதலில் சிரித்தவர் ஸ்ரனிஸ்லஸ். பிறகு புனிதம். ஐயாத்துரை துவாயால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கம்சா எழும்பி வந்து அந்தத் துவாயை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“மாமா, நீங்களும் அந்தப் பால்தானே குடிச்சனீங்கள்? உங்களுக்கும் ஊசி போட வேணும்.”

பிள்ளை சொன்னது சரிதான். அடுத்த கிழமை சிவராசா அவருடைய முன்னங்கையில் ஊசி போட்டார். மூன்றாம் நாள் கை தடித்துச் சிவந்துவிட்டது. கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது, ஆனால் நோயாக வரவில்லை, நெஞ்சு சுத்தம் என்று வவுனியாவில் எக்ஸ்ரே படம் எடுத்த பிறகு சொன்னார்கள். ஐயாத்துரை அந்தக் கையை வழியில் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினார். “எனக்கும் சுட்டிக்கும் ஒரே வீக்கம்!”

சுட்டியை என்ன செய்வது என்பதைக் கமலாசனி அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. மடியிலேயே நோய் இறங்கின மாடு. பக்கத்தில் நிற்கிற மாடுகளுக்கும் கொடுக்கும். அதற்கு மருந்து செய்வதில்லை. அவர் ஒருநாள் காலையில் தானே வந்து நின்றார்.

“ஆருக்கும் விக்க மாட்டன். வெட்டக் குடுக்கவும் மாட்டன். நோவில்லாமல் நீ செய்வியோ?”

“செய்வன் ஐயா.”

அவர் சுட்டியைக் குளத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினார். தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டார். கமலாசனி ஊசியை ஏற்றினாள். மாடு தூங்குகிற மாதிரியே போனது. பிறகு அவள் அதை வெட்டிச் சோதித்தபோது அவர் விலகிப் போகவில்லை. மடிக்குள்ளும் குடலோரத்துக் கட்டிகளிலும் மஞ்சளாகக் கெட்டிப்பட்டுக் கிடந்ததை அவள் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவையும் வைச்சுக்கொண்டே எனக்குப் பால் தந்தவள்,” என்றார்.

ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கமலாசனி சுட்டியின் நாகுக் கன்றுக்குப் போட்ட ஊசியை அளந்து பார்த்தாள். திரும்ப அளந்தாள். தோல் தட்டையாக இருந்தது.

“ஐயா! கன்று வாய் திறக்கேல்லை!”

ஐயாத்துரை வயலுக்குள்ளிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்தார். தானே தடவிப் பார்த்தார். அப்புறம் மகளின் தலையிலும் சேற்றுக் கையை வைத்துவிட்டார். கொஞ்சக் காலம் கழித்து இன்னொரு தரம் பார்த்துத்தான் முடிவாகச் சொல்லலாம் என்று அவள் சொன்னது அவருடைய காதில் ஏறவில்லை. அன்றைக்கு அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மகள் எந்த ஊருக்கு மாட்டுக்கு ஊசி போடப் போனாலும் பின்னால் சைக்கிளில் வருவார். மாட்டைப் பிடிப்பார். மறுக்கிற ஆளைக் கண்டால் சட்டைக் கையை உருட்டி, மாறிப்போன தழும்பைத் தேடிக் காட்டுவார். “நானும் உன்னைப்போலத்தான் கதைச்சனான். செம்போட குடிச்சுக் காட்டினனான். என்ர பிள்ளை மாதிரி ஒரு பிள்ளையின்ர கழுத்து உடைஞ்சு போச்சு. பால் மூண்டு தரம் பொங்க வேணும், விளங்குதோ?”

“ஒருக்காப் பொங்கினால் போதும் ஐயா,” என்பாள் கமலாசனி.

“நீ சும்மா இரு. மூண்டு எண்டு சொன்னால்தான் ஒண்டாவது பொங்க விடுவாங்கள்.”

தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்திலும் இன்னும் ஒரு வீட்டில் அதே கதை வெளிப்பட்டது: கழுத்துக் கட்டியோடு ஒரு பிள்ளை, வீங்கின ஒரு மாடு. பத்மலோஜினியின் குழாய்களும் அதையே சொல்லின. சிவராசாவும் கமலாசனியும் சேர்ந்து எழுதின கட்டுரையைப் பேராசிரியர் ஒரு கூட்டத்தில் வாசித்தார். அந்தக் கூட்டத்துக்குப் போக இவர்களுக்கு வழி கிடைக்கவில்லை. ஆனால் பால் சேர்க்கிற இடத்திலும், வைத்தியசாலையின் தாய்மார் கிளினிக்கிலும், கோயிலிலும், சேர்ச்சிலும் இவர்கள் பேசின பேச்சுக்குக் குறைவே இருக்கவில்லை.

கம்சாவின் கழுத்து மெல்ல மெல்ல வற்றியது. முதலில் சீழ் நின்றது. பிறகு தோல் மூடியது. தைப்பொங்கலுக்குத் துவக்குகள் ஓய்ந்திருந்தன. அவள் இரண்டு வீட்டுப் பொங்கலும் சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாங்கு திரும்ப நிறைந்தது. குளிசை இன்னும் சில மாதங்கள் விழுங்க வேண்டியிருந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தால் கட்டி இல்லை, வெளிறின ஒரு தழும்பு மட்டும்.

அந்த வருடம் யேசு உயிர்த்த ஞாயிறன்று அவளுக்கு முதல் நன்மை, நற்கருணை அப்பத்தை முதன்முதல் வாங்குகிற நாள். புனிதம் வெள்ளைத் துணி தேடி அலைந்து, கழுத்தை மூடுகிற மாதிரி உயரமான கொலர் வைத்துச் சட்டை தைத்திருந்தா. பூசைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் பிள்ளை அதைப் போட மறுத்துவிட்டது.

“இந்தக் கொலர் வேண்டாம். வெட்டி விடுங்கோ.”

“தழும்பு தெரியுமடி.”

“தெரியட்டும். கட்டி இல்லையெண்டு எல்லாரும் பாக்கத்தானே வேணும்.”

புனிதம் கமலாசனியைப் பார்த்தா. கமலாசனி கத்தரியை எடுத்தாள். மாட்டைத் தைத்துப் பழகிய கை. கொலரை அலுங்காமல் வெட்டி, ஓரத்தை மடித்து, ஊசி நூலால் தைத்துவிட்டாள். வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகக் கம்சா ஒழுங்கையால் நடந்து போனபோது கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. சேர்ச்சுக்குள் கடைசி வாங்கில் ஐயாத்துரை வேட்டியும் திருநீறுமாக இருந்தார். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்காலில் நிற்க வேண்டும் என்று தெரியாமல், பக்கத்தில் இருந்த சிவராசாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். சிவராசாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து பிழையான நேரத்தில் எழும்பி நின்றார்கள்.

விருந்து வளவிலே. ஸ்ரனிஸ்லஸ் நண்டும் இறாலும் கொண்டுவந்து குவித்திருந்தார். பாயாசத்துக்குப் பால் காய்ச்சுகிற பொறுப்பை ஐயாத்துரை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய கிடாரத்தைக் கல்லில் ஏற்றி, அகப்பையோடு பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார்.

“கவனமாய்ப் பாருங்கோ. முதல் ஓரத்தில நுரைக்கும். அது கொதி இல்லை. அதை நம்பி இறக்கக் கூடாது…”

அந்த நேரத்தில் கம்சா முற்றத்தின் நடுவில் நின்று பாட்டுப் பாடத் தொடங்கினாள். உயிர்த்த ஞாயிற்றுப் பாட்டு. நல்ல பெரிய குரல். அவ்வளவு காலமாக அந்தக் கழுத்துக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. ஐயாத்துரை அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயா, பால்!” என்று கமலாசனி கத்தினாள்.

“அண்ணை, பால்!” என்று புனிதம் கத்தினா.

கிடாரத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளையாய்ப் பொங்கி வழிந்து நெருப்பு சீறியது. ஸ்ரனிஸ்லஸ் வாளித் தண்ணியோடு ஓடி வந்து சறுக்கி விழுந்தார். சிவராசா சாப்பாட்டுக் கையோடு விறகை இழுத்தார். பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். புகைக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற ஐயாத்துரை, கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதைக் கண்டு முகம் மலர்ந்தார்.

“ஒண்டு முடிஞ்சுது,” என்றார். “இன்னும் ரெண்டு தரம்.”